தோட்டக் கேள்வி–பதில்: ஆண்டுக்கு மூன்று முறை நாற்று நட முடியாதவர்களுக்கு

இம்முறை வந்த கடிதங்களில் பல ஒரே குறையைச் சொல்கின்றன. செண்டுமல்லி, ஜினியா, பெட்டூனியா போன்ற பருவப் பூச்செடிகளை ஒவ்வொரு பருவத்திலும் வாங்கி நட்டுச் சலித்துவிட்டது என்றும், நட்டால் சில ஆண்டுகளாவது நின்று பூக்கும் செடிகள் வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்கள். ஆகவே இந்த இதழின் பக்கங்களை அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: நான் பணி ஓய்வு பெற்ற ஆசிரியன், தருமபுரியில் வசிக்கிறேன். வீட்டின் முன்புறம் மதிலை ஒட்டி 20 அடி நீளமும் 3 அடி அகலமும் கொண்ட பாத்தி இருக்கிறது. அது மேற்குப் பார்த்தது. ஒரு முனையில் வேப்பமர நிழல் விழும். ஆண்டுக்கு மூன்று முறை நாற்று வாங்கி நட்டு வந்தேன். முழங்கால் வலியால் இனி அது இயலாது. பராமரிப்பு அதிகம் கேட்காமல், ஆண்டில் பெரும்பகுதி பூக்கும் பல்லாண்டுச் செடிகள் எவை? பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் மட்டுமே உண்டு.

பதில்: உங்கள் பாத்தியின் பரப்பு 60 சதுர அடி. அடிக்கு ஒன்றாக நட்டால் ஒரு பருவத்துக்கு 60 நாற்றுகளும், மூன்று பருவங்களுக்கு 180 நாற்றுகளும் ஆகின்றன. அதாவது ஆண்டுக்கு 180 முறை குனிந்திருக்கிறீர்கள். அதே பாத்தியில் மதிலோரமாக 4 அடி இடைவெளியில் 5 புதர்ச்செடிகளும், அவற்றுக்கு முன்னால் அடிக்கு ஒன்றாக 20 சிறு செடிகளும் வைத்தால் மொத்தம் 25 குழிகளே போதும். இந்த 25 குழிகளை நீங்கள் தோண்ட வேண்டாம். ஒரு நாள் கூலிக்கு ஆள் வைத்து, புதர்களுக்கு ஒன்றரை அடிக் குழியாக எடுக்கச் சொல்லி, எடுத்த செம்மண்ணோடு நன்கு மக்கிய தொழு உரத்தையும் இரண்டு கை வேப்பம் பிண்ணாக்கையும் கலந்து நிரப்பிவிடுங்கள்.

செடியைத் தேர்ந்தெடுக்கும் முன் உங்கள் குளியலறை வாளியின் உட்புறத்தைப் பாருங்கள். வெள்ளைப் படலம் கெட்டியாகப் படிந்திருந்தால், உங்கள் தண்ணீர் நாளடைவில் மண்ணைக் காரத் தன்மைக்கு இழுத்துச் செல்லும் கடினநீர் என்று கொள்ளலாம். நம் மாவட்டத்தில் பெரும்பாலான ஆழ்துளைக் கிணறுகளின் கதை இதுதான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இங்குள்ள நிலத்தடி நீரின் ஃப்ளோரைடு காரணமாகத்தான். அந்தத் திட்டத்தில் வரும் குடிநீரைப் பூச்செடிக்கு ஊற்றுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். நர்சரியில் பூத்துக் குலுங்கும் தொட்டி, நிழல்வலைக்கு அடியில், வேறொரு ஊரின் தண்ணீரில் வளர்ந்தது; அந்தப் பூவின் அழகு உங்கள் பாத்தியைப் பற்றி எதையும் சொல்லாது. இந்தத் தண்ணீரையும் மேற்கு வெயிலையும் தாங்குமா என்ற கேள்விக்கு விடை கிடைத்த பிறகே நிறத்தைப் பற்றி யோசிக்க வேண்டும்.

மதிலோர ஐந்து குழிகளில் இரண்டில் அடுக்கு நந்தியாவட்டையை வைக்கச் சொல்வேன். நிழலானாலும் வெயிலானாலும் பூக்கும் இச்செடியின் கரும்பச்சை இலை பூ குறைந்த நாட்களிலும் பார்க்க நன்றாக இருக்கும். காலைப் பூசைக்கும் உதவும். வேறு இரண்டில் ஒற்றைச் சிவப்புச் செம்பருத்தியை நடுங்கள். ஒரு பூ ஒரே நாளில் வாடிவிடும் என்றாலும், நாள் தவறாமல் புது மொட்டு வைப்பதால் செடி வெறுமையாகத் தோன்றாது. ஒட்டு ரகங்களில் விரிகின்ற கையளவு ஆரஞ்சு, மஞ்சள் பூக்களைக் கண்டு மயங்க வேண்டாம். அவை நாட்டுச் செம்பருத்தியைப் போல் உழைப்பதில்லை. வெயில் மிகக் கடுமையாக அடிக்கும் முனையிலுள்ள ஐந்தாம் குழிக்கு, நர்சரிக்காரர்கள் ரஸ்ஸீலியா என்று விற்கும் செடியைச் சொல்வேன். இலையே இல்லாததுபோல் ஈர்க்குக் குச்சிகளாக வளைந்து தொங்கி, பட்டாசுத் திரி போன்ற சிவப்புக் குழல் பூக்களைச் சரம்சரமாக விடும்; வேரூன்றிய பிறகு வறட்சியை நன்கு தாங்கும். காலை வேளையில் தேன்சிட்டுகள் வருவது அதனால் கிடைக்கும் கூடுதல் இன்பம்.

முன்வரிசையில் வெயில்படும் பகுதி முழுவதற்கும் நித்தியகல்யாணியைத் தவிர வேறு எதையும் எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. நம்மவர்களில் சிலர் இதைச் சுடுகாட்டு மல்லி என்று ஒதுக்கி, வீட்டு முன்புறம் வைக்கத் தயங்குகிறார்கள். மடகாஸ்கரிலிருந்து வந்த இச்செடியிலிருந்துதான் இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் வின்கிரிஸ்டின் எடுக்கப்படுகிறது என்பதை அறிந்தால் அந்தத் தயக்கம் குறையக்கூடும். பங்குனி வெயிலிலும் பூப்பதை நிறுத்தாத செடி இது. ஆனால் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். ஆகவே பாத்தியை வரப்பு கட்டிக் குளமாக்காமல் தரைமட்டத்துக்கு அரை அடி உயர்த்திவிடுங்கள். இரண்டு மூன்று ஆண்டுகளில் தண்டு மரத்துப்போய்ப் பூக்கள் நுனிக்கு ஏறிவிடும். அதற்குள் அடியில் விதை விழுந்து முளைத்த கன்றுகள் தயாராக நிற்கும். கிழச்செடியைப் பிடுங்கிவிட்டு அவற்றை விட்டுவைத்தால் போதும்.

வேப்பமர நிழல் விழும் பகுதிக்குக் கனகாம்பரம். மாலை நேரத்து நிழல் அதற்குப் பிடிக்கும். மழைக்காலத்தில் பூ குறைந்தாலும் மற்ற மாதங்களில் கதிருக்கு மேல் கதிராக விடும். பூத்து முடிந்த கதிரைக் கிள்ளிவிடுவது ஒன்றே அது கேட்கும் வேலை, அதையும் நின்றபடியே செய்யலாம். டெல்லிக் கனகாம்பரம் என்ற ரகம் விதை வைக்காதது, குச்சியில் பெருக்குவது. தோட்டத்துக்கு அதுவே ஏற்றது. கனகாம்பரத்தின் பகைவன் மண்ணுக்குள் இருக்கும் நூற்புழு. நன்றாக இருந்த செடி காரணமின்றிக் குன்றி, இலை வெளிறி, வாடி நின்றால் வேரைத்தான் சந்தேகிக்க வேண்டும். இந்த நூற்புழுவைக் கட்டுப்படுத்தும் இயல்பு செண்டுமல்லியின் வேருக்கு உண்டு என்பதால், நீங்கள் கைவிட நினைத்த அதே செண்டுமல்லியில் நான்கைந்தை ஆண்டுக்கொரு முறை கனகாம்பரத்துக்கு இடையில் நட்டுவையுங்கள். ஆயுத பூசைக்கும் பூவாயிற்று.

பராமரிப்பு குறைவு என்பது முதல் கோடையைத் தாண்டிய பிறகுதான். ஆவணியில் நட்டால், தென்மேற்குப் பருவமழையின் கடைசிப் பகுதியும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்து கார்த்திகை வரை செடியைத் தாங்கிக்கொள்ளும். மழை இல்லாத வாரங்களில் புதருக்கு ஒரு வாளி, சிறு செடிக்கு ஒரு செம்பு என்ற கணக்கில் இரண்டு முறை விடுங்கள். தை தொடங்கியதும் நிலக்கடலைத் தோலையோ தென்னை மட்டைத் துண்டுகளையோ இரண்டு அங்குலக் கனத்துக்கு மூடாக்காகப் பரப்புங்கள். நம் செம்மண்ணில் கரையான் உண்டு என்பதால் மூடாக்கைத் தண்டிலிருந்து நான்கு விரற்கடை தள்ளியே வைக்க வேண்டும். இரண்டாம் ஆண்டிலிருந்து வாரம் ஒரு தண்ணீர் போதும்.

நீண்ட நாள் பூப்பதற்கு ஒரு விலை உண்டு, அது கவாத்து. செம்பருத்தி, நந்தியாவட்டை இரண்டுமே புதுத் தளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும். வெட்டாமல் விட்ட செடி உயர்ந்துகொண்டே போய் மதிலுக்கு அப்பால் தெருவுக்குப் பூக்கும். ஆண்டுக்கு இரு முறை மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிடுங்கள். அப்போது நான்கைந்து வாரங்களுக்குப் பூ இராது. எல்லாச் செடிகளையும் ஒரே நாளில் வெட்டாமல், ஒன்றுவிட்டு ஒன்றாக மாதம் தள்ளி வெட்டினால் பாத்தி மொட்டையாகத் தெரியாது. யூரியாவைக் கிட்டே கொண்டுவர வேண்டாம், இலைதான் செழிக்கும்.

மதிலுக்கு வெளியே தண்ணீரே எட்டாத ஓரம் இருந்தால் அங்கே ஆவாரையை விதையுங்கள். தை பிறக்கும் முன் பூளைப்பூவோடும் வேப்பிலையோடும் சேர்த்துக் காப்புக் கட்ட அதைத் தேடிப் போகிறோம், நர்சரியில் மட்டும் அதைக் கேட்பதில்லை. ஆணிவேர்ச் செடியாதலால் பிடுங்கி நட்டால் பிழைப்பது அரிது. கடினத் தோலுள்ள விதையைச் சொரசொரப்பான கல்லில் லேசாகத் தேய்த்து, ஓர் இரவு ஊறவைத்து, நிற்க வேண்டிய இடத்திலேயே ஊன்ற வேண்டும்.

கேள்வி: பாலக்கோட்டிலிருந்து எழுதுகிறேன். ஆண்டு முழுவதும் பூக்கும் என்று சொன்னதை நம்பி, மதிலோரம் வரிசையாக இட்லிப்பூச் செடிகளை வைத்தேன். ஓராண்டு நன்றாகப் பூத்தது. இப்போது தளிர்கள் எல்லாம் மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்கின்றன. சாணமும் கலப்பு உரமும் போட்டும் பயனில்லை.

பதில்: இதே தவற்றை நானும் செய்திருக்கிறேன், அம்மா. ஒரு நர்சரியில் செக்கச் சிவந்து நின்ற பன்னிரண்டு இட்லிப்பூச் செடிகளை வாங்கிவந்து, சுண்ணாம்பு அடித்த மதிலை ஒட்டி நட்டேன். மூன்றாம் ஆண்டில் இரண்டுதான் மிஞ்சின. உங்கள் செடிக்குச் சத்துக் குறைவில்லை. மண்ணில் இருக்கும் இரும்பை எடுக்க முடியாமல் தவிக்கிறது. இட்லிப்பூ அமில மண்ணை விரும்பும் செடி. கடினநீரும், மழையில் கரைந்திறங்கும் சுண்ணாம்பும் சிமெண்டும் சேர்ந்து வேர்ப்பகுதியைக் காரமாக்கியதும் இரும்பு கரையாத நிலைக்குப் போய்விடுகிறது. பழைய இலைகள் முழுதாக மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. இளந்தளிர் மஞ்சளாகி நரம்பு பச்சையாக நின்றால் இரும்புக் குறைவு. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்தால் வீணாக உரம் வாங்கத் தேவையில்லை.

நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்றும், உரக்கடையில் ஃபெரஸ் சல்பேட் என்றும் கிடைப்பதை லிட்டருக்கு 5 கிராம் வீதம் கரைத்து, அரை மூடி எலுமிச்சைச் சாற்றைச் சேர்த்து, மாலையில் இலை நனையத் தெளியுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாகத் தளிர் பச்சையாகும் வரை செய்யலாம். கரைசல் தரையிலோ சுவரிலோ பட்டால் துருக்கறை போகாது. கூரையில் விழும் மழைநீரைப் பிடித்து வைக்க ஒரு தொட்டி இருந்தால் அதில் முதல் உரிமையை இச்செடிக்குக் கொடுங்கள். இவ்வளவு செய்தும் தேறாவிட்டால், பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தில் மண், நீர்ப் பரிசோதனைக்குக் கேட்டுப் பாருங்கள். கார அளவு மிகுதி என்று தெரிந்தால் இட்லிப்பூவை மதிலோரத்திலிருந்து விடுவித்துப் பெரிய தொட்டிக்கு மாற்றிவிடுவதே நல்லது. வெட்சி என்னும் இந்த இட்லிப்பூவைச் சூடி ஆநிரை கவரப் போன வீரர்களின் நடுகற்கள் நிறைந்த மாவட்டத்தில் வெட்சி வளர்ப்பது இத்தனை பாடாக இருப்பது வேடிக்கைதான்.

கேள்வி: ஓசூரில் இருக்கிறோம். ஆண்டுதோறும் சனவரியில் பெங்களூரு லால்பாக் மலர்க் கண்காட்சிக்குப் போய், பூத்த செடிகளாக வாங்கி வருகிறோம். சித்திரைக்குள் எல்லாம் காய்ந்துவிடுகின்றன. எங்கள் கை ராசி இல்லையா?

பதில்: கை ராசியில் குறையில்லை, செடியின் ஆயுள் அவ்வளவுதான். குடியரசு நாள் கண்காட்சியில் நிறத்துக்காக அடுக்கும் பெட்டூனியா, பால்சம் முதலானவை ஒரே பருவத்தை முடித்துக்கொண்டு போகவே பிறந்தவை. வாங்கும்போது அடித்தண்டை விரலால் தொட்டுப் பாருங்கள். சாறு நிறைந்து மெத்தென்று இருந்தால் அது பெரும்பாலும் பருவச் செடி. மரத்தன்மை தொடங்கியிருந்தால் நின்று வாழும் செடியாக இருக்க வாய்ப்பு அதிகம். இந்தச் சோதனை நூற்றுக்கு நூறு சரியாக வராது, ஆனால் பணத்தைக் காப்பாற்றும்.

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள உங்கள் ஊரின் குளிர்ந்த இரவுகள் தருமபுரிக்காரர்களுக்குக் கிடைக்காத வரம். பென்டாஸ், கூஃபியா, நீலப் பூவிடும் பிளம்பாகோ ஆகிய மூன்றும் ஓசூரில் திறந்த வெளியில் பல ஆண்டுகள் நிற்கும். பென்டாஸ் பூங்கொத்தில் வண்ணத்துப்பூச்சிகள் வந்து அமர்வதைக் காணலாம். ஜெர்பெராவும் பல்லாண்டுச் செடியே, ஆனால் உங்கள் பகுதிப் பசுமைக்குடில்களில் பார்ப்பதை வைத்து வீட்டில் எளிது என்று எண்ண வேண்டாம். குருத்தில் மண் ஏறினாலே அழுகும். ரோஜாவைக் குறைந்த பராமரிப்பு என்ற தலைப்பில் பேசவே கூடாது, மனம் கேட்காவிட்டால் ஒட்டு ரகங்களை விட்டு எட்வர்டு ரோஜாவில் ஒன்றிரண்டோடு நிறுத்துங்கள். உன்னிச்செடியில் கண்கவர் குட்டை ரகங்கள் வருகின்றன. தேன்கனிக்கோட்டைக் காடுகளுக்குள் உன்னி படர்ந்து புல்லை அழித்திருப்பதைப் பார்த்தவன் என்ற முறையில், காட்டோரத்தில் வசிப்பவர்கள் அதை வாங்க வேண்டாம் என்றே சொல்வேன்.

கேள்வி: நெடுஞ்சாலையின் நடுத்திட்டில் யாரும் கவனிக்காமலே அரளி பூத்துக்கொண்டிருக்கிறது. எங்கள் வீட்டைச் சுற்றி அதையே வைத்தால் என்ன? பேரக் குழந்தைகள் இருக்கிறார்கள். நான்கு ஆடுகளும் உண்டு. ஊர்: பென்னாகரம் அருகில்.

பதில்: வறட்சி, உப்பு, காரம், புகை என எல்லாவற்றையும் தாங்கிப் பூப்பதில் அரளிக்கு இணை இல்லை, உங்கள் மூன்றாவது வாக்கியம் மட்டும் இல்லையென்றால் உடனே வையுங்கள் என்றிருப்பேன். அரளியின் இலை, பூ, தண்டு, வேர் அனைத்தும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு. பச்சை இலையின் கசப்பால் ஆடு ஒதுங்கினாலும், வெட்டிப் போட்டு வாடிய தழையைத் தின்றுவிடும் ஆபத்து உண்டு. அந்தக் கழிவை எரித்தால் புகையும் கெடுதல். கைக்குழந்தைகள் வளரும் வரை அரளியையும் மஞ்சள் அரளியையும் தள்ளிவையுங்கள்.

ஆடு இருக்கும் வீட்டில் செம்பருத்தியும் நிற்காது, முதல் நாளே மேய்ந்துவிடும். வேலிக்கு வெளியே நித்தியகல்யாணி தப்பும், ஏனெனில் அதுவும் உண்ணத் தகாதது என்பதை ஆடு அறிந்திருக்கிறது. குழந்தைகளுக்கும் அதை வாயில் வைக்கக் கூடாது என்று சொல்லிவையுங்கள். குளியல், சமையல் கழிவுநீர் ஓடும் வாய்க்கால் இருந்தால் அதன் ஓரத்தில் கல்வாழையை நடலாம். கிழங்கிலிருந்து பெருகி, கழிவுநீரிலேயே செழித்து, மாதக் கணக்கில் பூக்கும். பூத்த தண்டைத் தரையோடு அறுத்தால் அடுத்தது எழும்.

கேள்வி: கிருட்டிணகிரியில் மாடி வீடு. தொட்டிகளுக்கு ஏற்ற பல்லாண்டுச் செடிகள்?

பதில்: மொட்டை மாடியின் தரைச்சூட்டைத் தாங்குபவை மூன்று: முள்ளுள்ள யூபோர்பியா, அடேனியம், பத்துமணிப் பூ என்னும் டேபிள் ரோஸ். மூன்றாவது கண்டிப்பான பொருளில் பல்லாண்டுச் செடி அன்று. ஆனால் ஒரு சாண் தண்டைக் கிள்ளி ஊன்றினால் மறுபடியும் தொடங்கிவிடும் என்பதால் அதற்கு முடிவே இல்லை. யூபோர்பியாவை வெட்டும்போது வடியும் பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தொட்டியைச் செங்கல் மேல் ஏற்றி வைத்தால் வேர் வேகாது.

கேள்வி: செம்பருத்தி முழுவதும் வெள்ளைப் பஞ்சு. மருந்து அடித்தும் திரும்ப வருகிறது. (காவேரிப்பட்டணம்)

பதில்: அந்தப் பஞ்சு மாவுப்பூச்சி. மருந்து அடிப்பதால்தான் திரும்ப வருகிறது என்று நினைக்கிறேன். 2008இல் தமிழகத்துக்குள் நுழைந்து பப்பாளி முதல் மல்பெரி வரை அழித்த மாவுப்பூச்சியை அடக்கியது மருந்தன்று. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்து விடப்பட்ட சிறு ஒட்டுண்ணிக் குளவிகள்தான். கடுமையான மருந்து அந்த வகை நண்பர்களை முதலில் கொன்றுவிடும். குழாயில் விரலை வைத்துத் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துப் பஞ்சை உதிர்த்து, மறுநாள் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது காதி சோப்பில் குழைத்துத் தெளியுங்கள். தண்டில் எறும்பு ஏறுவதையும் தடுக்க வேண்டும், மாவுப்பூச்சியைக் காவல் காப்பது அதுதான்.

கேள்வி: சாமந்தியும் பல்லாண்டுச் செடி என்கிறார்கள். பின் ஏன் ஆண்டு முழுவதும் பூப்பதில்லை? (காரிமங்கலம்)

பதில்: செடி பல்லாண்டுதான், பூத்து ஓய்ந்தபின் அடியிலிருந்து வரும் பக்கக்கன்றுகளை நம் விவசாயிகள் எடுத்து நடுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஆனால் நாட்டுச் சாமந்தி பகல் சுருங்கி இரவு நீளும் பருவத்தை அறிந்து மொட்டு வைப்பது. நம் ஊரில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. அந்தச் சிறு வேறுபாட்டையும் அது உணர்ந்துகொள்கிறது. எத்தனை ஆண்டு வாழும் என்பதும் எத்தனை மாதம் பூக்கும் என்பதும் வேறு வேறு கேள்விகள். நர்சரியில் இரண்டையும் தனித்தனியே கேளுங்கள்.

கேள்வி: காகிதப்பூக் கொடி மாடி வரை ஏறிவிட்டது. நாள்தோறும் தண்ணீர் விட்டும் ஒரு பூ இல்லை, இலைதான். (அரூர்)

பதில்: நாள்தோறும் தண்ணீர் விடுவதுதான் காரணம். நிறமாகத் தெரிவது பூவன்று, பூவைச் சூழ்ந்த இலை; தாகம் எடுக்கும்போதுதான் இக்கொடி அந்த நிற இலைகளை விடும். வளர்ந்த நீண்ட கிளைகளைப் பாதியாக வெட்டிவிட்டு, நான்கு வாரங்கள் தளிர் வரும் வரை வாரம் ஒரு முறை நனையுங்கள். தளிர் முற்றியதும் தண்ணீரை நிறுத்திவிட்டு, இலைகள் காலையிலேயே துவண்டு தொங்கும் நாள் வரை பொறுத்திருங்கள். அன்று ஒரு குடம் ஊற்றி, மறுபடியும் துவளும் வரை குழாயைத் திறக்காதீர்கள்.